கிரீஸ் அடித்தால் போதுமா? உள்ளே போனதா என்று பாருங்கள்!

பழைய டிராக்டரின் கிரீஸ் நிப்பிளைச் சோதிப்பது, கழற்றுவது, மாற்றுவது எப்படி?

ஊர்ப்புறத்து டிராக்டர் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

“ஸ்டீயரிங் ரொம்பக் கனக்குது தம்பி. வரப்பு ஓரத்துல திருப்பறதுக்குள்ள தோள்பட்டை விட்டுப்போகுது.”

“கிரீஸ் அடிக்கிறீங்களாண்ணே?”

“வாரம் தவறாம அடிக்கிறேனே!”

“அடிக்கிறீங்க, சரி. உள்ள போகுதா?”

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பலரிடம் பதில் இருப்பதில்லை. கிரீஸ் கன்னை நிப்பிளில் மாட்டி நாலு அழுத்து அழுத்துகிறோம். நிப்பிளைச் சுற்றிக் கிரீஸ் பிதுங்கி வருகிறது. ‘உள்ளே நிறைந்துவிட்டது’ என்று நினைத்து, துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ஆனால், அந்த நிப்பிள் அடைத்துப் போயிருந்தால், பிதுங்கியது அத்தனையும் வெளியிலேயே வழிந்த கிரீஸ்தான். உள்ளே ஒரு பொட்டுகூடப் போயிருக்காது. பல மாதங்கள் இப்படியே ஓடினால், கிங் பின்னும் புஷ்ஷும் வறண்ட நிலையிலேயே ஒன்றையொன்று தின்னும்.

நிப்பிள் என்பது ஒரு டீ, வடை செலவில் முடிகிற சாமான். அது கெட்டதைக் கவனிக்காமல் விட்டால், கிங் பின், புஷ், அவற்றைக் கழற்றி மாட்டும் கூலி என்று ஆயிரக்கணக்கில் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், நடவு நேரத்தில் வண்டி பட்டறையில் நிற்பது. இருபது, முப்பது ஆண்டு ஓடிய டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால், இந்த வேலையை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம்.

எண்ணெய்க் குழாய் முதல் நிப்பிள் வரை

தேய்கிற இடத்தில் பசை வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. மாட்டு வண்டிக் காலத்தில் வண்டிக்கு அடியில் எண்ணெய்க் குழாய் தொங்கும். வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்த மசகை அச்சில் தடவிவிட்டுத்தான் சந்தைக்கு வண்டி கட்டுவார்கள். சக்கரத்தைக் கழற்றி, பழையதைத் துடைத்து, புதியதைப் பூச வேண்டும்.

மோட்டார் வண்டிகள் வந்த புதிதில், தேய்கிற ஒவ்வோர் இடத்திலும் மூடி போட்ட சிறு கிண்ணம் ஒன்று இருந்தது. அதில் கிரீஸை நிரப்பி மூடியைத் திருகினால், கிரீஸ் மெல்ல உள்ளே இறங்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி நிரப்புவது பெரிய வேலை. 1910-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆர்தர் குல்போர்க் என்பவர், கன் மூலம் அழுத்தத்துடன் கிரீஸ் ஏற்றும் முறையை உருவாக்கினார். அதன் தலையில் குறுக்கே ஓர் ஊசி இருக்கும். கன்னின் வாயை அதில் மாட்டித் திருகிப் பூட்ட வேண்டும். பின்னர், ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா போன ஆஸ்கர் ஸெர்க் என்பவர், பூட்டாமல் அப்படியே அழுத்திக் கிரீஸ் ஏற்றும் வகையை உருவாக்கினார். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1929 ஜனவரியில் கிடைத்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் கிரீஸ் நிப்பிளை ‘ஸெர்க்’ என்றே சொல்கிறார்கள். நம் டிராக்டர்களில் இருப்பது அந்த வழியில் வளர்ந்த நிப்பிள்தான்.

நிப்பிளுக்குள் என்ன இருக்கிறது?

நிப்பிளின் நடுவில் ஒரு துளை. துளையின் வாயில் ஒரு சிறு குண்டு. அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். கன்னிலிருந்து அழுத்தம் வரும்போது குண்டு உள்ளே தள்ளப்பட்டு வழிவிடும். அழுத்தம் நின்றதும் ஸ்பிரிங் குண்டை மேலே தள்ளித் துளையை மூடிவிடும். போன கிரீஸ் திரும்பி வராது, வெளியிலிருந்து தூசியும் சேறும் உள்ளே போகாது.

இந்த நிப்பிள் மூன்று விதமாகக் கெடும். முதலாவது, நாள்பட்ட கிரீஸ் காய்ந்து குண்டு ஒட்டிக்கொள்ளும். கிரீஸ் என்பது எண்ணெயும் சோப்பு போன்ற ஒரு பொருளும் சேர்ந்த கலவை. எண்ணெய் வடிந்து போனால், மிஞ்சுவது மெழுகு போன்ற கட்டிதான். இரண்டாவது, ஸ்பிரிங் துருப்பிடித்துப் போய், குண்டு கீழேயே நின்றுவிடும். அப்போது ஏற்றிய கிரீஸ் நிப்பிள் வழியாகவே திரும்ப வரும். சேற்றுத் தண்ணீரும் உள்ளே போகும். மூன்றாவது, கல்லில் இடித்தோ, கன் உரசியோ நிப்பிளின் தலை தேய்ந்துவிடும். கன் வாய் அதைப் பிடிக்காமல் வழுக்கும்.

எங்கெங்கே இருக்கின்றன?

டிராக்டருக்கு டிராக்டர் எண்ணிக்கை மாறும். பொதுவாகப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

* முன் அச்சின் நடுவில் இருக்கும் சென்டர் பின்
* இரண்டு முன் சக்கரங்களின் கிங் பின்
* டை ராடு, டிராக் லிங்க் முனைகளில் உள்ள பந்து மூட்டுகள் (சில வண்டிகளில் இவை மூடிய வகையாக இருக்கும். நிப்பிள் இருக்காது)
* முன் சக்கர ஹப்
* கிளட்ச் பெடல், பிரேக் பெடல் ஷாஃப்டுகள்
* பின்னால் உள்ள லெவலிங் பாக்ஸ்
* ரோட்டவேட்டரை ஓட்டும் பி.டி.ஓ. ஷாஃப்டின் இரண்டு கிராஸ்களும், நீண்டு சுருங்கும் குழாயும்

பழைய வண்டிகளில் சேறும் கிரீஸும் சேர்ந்து இறுகி, நிப்பிள் இருப்பதே தெரியாமல் மறைந்திருக்கும். வண்டி வாங்கிய நாளிலிருந்து கிரீஸே பார்க்காத நிப்பிளும் உண்டு. முதல் வேலையாக, டீசலில் நனைத்த துணியும் கம்பி பிரஷும் கொண்டு எல்லா இடங்களையும் சுத்தம் செய்யுங்கள். வண்டியின் கையேடு இருந்தால் அதிலுள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நிப்பிளையும் சுற்றி வெள்ளை அல்லது மஞ்சள் பெயின்ட்டால் ஒரு வட்டம் போட்டு, மொத்தம் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வண்டியை வேறொருவர் ஓட்டினாலும், ‘மொத்தம் பதினாலு’ என்று சொல்லிவிட்டால் ஒன்றும் விட்டுப்போகாது.

அடைப்பு நிப்பிளிலா, பாதையிலா?

வேலையைத் தொடங்கும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பி.டி.ஓ. நியூட்ரலில் இருக்கட்டும். ரோட்டவேட்டர் மாட்டியிருந்தால் அதைத் தரையில் இறக்கிவிடுங்கள்.

நிப்பிளின் தலையைத் துடைத்துவிட்டுக் கன்னை நேராக மாட்டுங்கள். மெதுவாக அழுத்துங்கள். நிப்பிளின் பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்னும் புஷ்ஷும் சேரும் ஓரத்தைப் பாருங்கள். அங்கே முதலில் கறுத்த பழைய கிரீஸும், பிறகு புதிய கிரீஸும் எட்டிப் பார்த்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கன் கல்லாக இறுகி நின்றாலோ, நிப்பிளைச் சுற்றியே வழிந்தாலோ எங்கோ அடைப்பு இருக்கிறது.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. நிப்பிளைக் கழற்றி, அதை மட்டும் கன்னில் மாட்டுங்கள். குறடால் பிடித்துக்கொண்டு, ஒரு பழைய துணியை நோக்கி மெதுவாக அழுத்துங்கள். கையால் பிடிக்கக் கூடாது. வால் பக்கம் கிரீஸ் வந்தால் நிப்பிள் நல்லதுதான். அடைப்பு உள்ளே இருக்கும் பாதையில். வராவிட்டால் நிப்பிள்தான் கெட்டது. சுத்தம் செய்து பார்ப்பதைவிடப் புதியது போடுவதே நல்லது.

பாதை அடைத்திருந்தால், துளைக்குள் இருக்கும் கட்டியை மெல்லிய கம்பியால் கிண்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் டீசலோ இளகிய எண்ணெயோ விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் பலமுறை திருப்பியபடி கிரீஸ் ஏற்றுங்கள். பெரும்பாலும் வழி பிறந்துவிடும். புதிய கிரீஸ் வரும்வரை நிறையவே ஏற்றி, உள்ளே விட்ட டீசல் முழுவதையும் வெளியேற்றிவிட வேண்டும். அப்படியும் வழி பிறக்காவிட்டால், பின்னைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

மரை மாறினால் எல்லாம் மாறும்

இந்த வேலையில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான். எல்லா நிப்பிளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மரை மட்டும் வேறு வேறாக இருக்கும். பழைய வண்டிகளில் வெளிநாட்டு வடிவமைப்பை ஒட்டி அங்குல மரைகளும், புதிய வண்டிகளில் மில்லிமீட்டர் மரைகளும் வரலாம். ஒரே வண்டியில் இரண்டும் கலந்திருக்கலாம். முன்பு யாராவது ஒரு மெக்கானிக் கையில் கிடைத்ததை மாட்டியும் இருக்கலாம்.

அதிகம் புழங்குபவை இவை:

* எம் 6: விட்டம் 6 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ.
* 1/4 அங்குலம், 28 மரை: விட்டம் 6.35 மி.மீ., மரைக்கு மரை சுமார் 0.9 மி.மீ.
* எம் 8: விட்டம் 8 மி.மீ., மரைக்கு மரை 1 அல்லது 1.25 மி.மீ.
* எம் 10: விட்டம் 10 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ.
* 1/8 அங்குல பி.எஸ்.பி.: விட்டம் சுமார் 9.7 மி.மீ., அங்குலத்துக்கு 28 மரை
* 1/8 அங்குல என்.பி.டி.: அமெரிக்க வகை, அங்குலத்துக்கு 27 மரை, கூம்பிய வடிவம்

எம் 6 நிப்பிளும் கால் அங்குல நிப்பிளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எம் 10, 1/8 பி.எஸ்.பி. ஜோடியும் அப்படித்தான். கால் அங்குலத் துளையில் எம் 6 நிப்பிளை மாட்டினால், லொடலொடவென்று நின்று முதல் அழுத்தத்திலேயே பிய்த்துக்கொண்டு வரும். 1/8 பி.எஸ்.பி. துளையில் எம் 10 நிப்பிளை ஸ்பேனர் போட்டு முறுக்கினால், துளையில் இருக்கும் மரையையே அறுத்துவிடும். நிப்பிள் போனால் வேறு வாங்கலாம். துளையின் மரை போனால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கடைக்குப் போகும்போது பழைய நிப்பிளைக் கையோடு எடுத்துப் போங்கள். புதியதையும் பழையதையும் மரையோடு மரை பொருந்தும்படி பக்கவாட்டில் ஒட்டிவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பல் சக்கரங்கள் கவ்வுவது போல இடைவெளி இல்லாமல் பொருந்தினால் ஒரே மரை. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வேறு மரை. விட்டத்தைக் கடைக்காரரின் வெர்னியர் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள்.

வாலின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். பழையதைவிட நீளமாக இருந்தால், முனை உள்ளே இருக்கும் பின்னைத் தொட்டுக் கீறும். தலையின் கோணமும் முக்கியம். நேர் தலை, 45 டிகிரி சாய்ந்த தலை, 90 டிகிரி வளைந்த தலை என்று மூன்று உண்டு. கன் நேராகப் போய் மாட்ட முடியாத சந்துகளில் சாய்ந்த தலை உதவும்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம்

நிப்பிள் உள்ளே துளை உள்ள சாமான். அதனால் பலம் குறைவு. துருப்பிடித்த நிப்பிளைச் சடாரென்று முறுக்கினால் கழுத்தில் ஒடிந்து, வால் உள்ளேயே நின்றுவிடும்.

முந்தின நாள் மாலையே நிப்பிளின் அடியில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். மறுநாள் சரியான அளவு ரிங் ஸ்பேனரையோ பாக்ஸ் ஸ்பேனரையோ போடுங்கள். மில்லிமீட்டர் நிப்பிள்களில் எம் 6-க்கு 7, எம் 8-க்கு 9, எம் 10-க்கு 11 மி.மீ. ஸ்பேனர் பொதுவாகப் பொருந்தும். திருகு குறடு, பிளையர் எல்லாம் முனைகளை மழுங்கடித்துவிடும்.

முதலில் இம்மி அளவு இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். இப்படி முன்னும் பின்னுமாக ஆட்டினால் துருவின் பிடி விடும். நகரவில்லை என்றால் மறுபடியும் எண்ணெய் விட்டு, சிறு சுத்தியால் நிப்பிளைச் சுற்றியுள்ள இரும்பில் லேசாகத் தட்டுங்கள். நிப்பிளின் தலையில் தட்டக் கூடாது. சூடு காட்டுவது கடைசி வழி. ரப்பர் சீலும் டீசல் டேங்கும் பக்கத்தில் இருக்கும் வண்டியில் அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

எல்லா நிப்பிளையும் ஒரே நேரத்தில் கழற்றிக் குவித்துவிடாதீர்கள். ஒன்றைக் கழற்றி, சோதித்து, மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால் இடம் மாறாது, துளைக்குள் மண்ணும் விழாது.

ஒடிந்துவிட்டால்?

ஒடிந்த நிப்பிளின் நடுவே ஏற்கெனவே துளை இருப்பது ஒரு வசதி. அந்தத் துளையில் எக்ஸ்ட்ராக்டர் என்ற இடது மரைக் கருவியை விட்டு, கழற்றும் பக்கம் திருகினால் வால் வெளியே வரும். ஆனால், எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான எஃகு. உள்ளே அது ஒடிந்தால் சாதாரண டிரில் பிட்டால் துளைக்க முடியாது. பழக்கம் இல்லாதவர்கள் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே செலவு குறைந்த வழி.

துளையின் மரை லேசாகக் கெட்டிருந்தால், அதே அளவு டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். டேப்பின் பள்ளங்களில் கிரீஸைத் தடவிக்கொண்டால், இரும்புத் துகள் உள்ளே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மரை முழுவதும் போயிருந்தால் அடுத்த அளவுக்கு மாற்றலாம். எம் 6 துளையை 7 மி.மீ. பிட்டால் பெரிதாக்கி, 1 மி.மீ. மரை உள்ள எம் 8 டேப் போடுவது வழக்கமான முறை. சுற்றிலும் போதுமான இரும்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் துகள்களை முழுவதும் துடைத்தெடுங்கள். ஒரு துகள் உள்ளே தங்கினாலும் புஷ்ஷை அரம் போல அராவும்.

புதியதை மாட்டுவது

துளையின் வாயைத் துடைத்து, புதிய நிப்பிளை முதலில் விரலாலேயே திருகுங்கள். இரண்டு மூன்று சுற்று தடையில்லாமல் போக வேண்டும். முதல் சுற்றிலேயே பிடித்தால் கோணலாக ஏறுகிறது அல்லது மரை வேறு என்று அர்த்தம். கழற்றி மறுபடி பாருங்கள். விரலால் போகும்வரை போனபின், சிறிய ஸ்பேனரால் அளவாக இறுக்கினால் போதும். நீளமான ஸ்பேனரும் முழு பலமும் இதற்கு ஆகாது.

கிரீஸ் ஏற்றும் முறை

முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்குக் கீழே உறுதியான மரக்கட்டை கொடுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையோ தலையோ கொண்டுபோகக் கூடாது. சக்கரம் தரையில் இருக்கும்போது, பாரம் தாங்கும் பக்கத்தில் பின்னும் புஷ்ஷும் ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்மானம் அதிகமுள்ள அந்தப் பக்கத்துக்கே கிரீஸ் போகாது. தூக்கிவிட்டால் இடைவெளி கிடைத்துச் சுற்றிலும் பரவும்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே தேய்மானத்தையும் சோதித்துவிடுங்கள். சக்கரத்தின் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் உள் பக்கம் பார்க்கட்டும். அச்சு முனையில் கிங் பின்னே ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. பின் அசையாமல் ஹப் மட்டும் ஆடினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஆட்டம் அதிகமாக இருந்தால் எத்தனை கிரீஸ் அடித்தாலும் சரியாகாது. டிரெய்லரில் பாரம் ஏற்றி ரோட்டுக்குப் போகும் முன் புஷ் மாற்றிவிடுங்கள். ஸ்டீயரிங் கைவிட்டால் போவது பணம் மட்டுமல்ல.

பி.டி.ஓ. ஷாஃப்டு கிராஸில் கிரீஸ் ஏற்றினால் நான்கு கப்புகளின் ஓரத்திலும் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் மட்டும் வந்தால் நான்காவது வறண்டிருக்கிறது. ஷாஃப்டை வேறு கோணத்துக்கு வளைத்து மறுபடி ஏற்றிப் பாருங்கள். ஹப், கிளட்ச் பக்கம் மட்டும் அளவோடு நிறுத்துங்கள். ஹப்பில் அளவு மீறினால் சீல் பிதுங்கும். கிளட்ச் பிளேட்டுக்குக் கிரீஸ் போனால் கிளட்ச் வழுக்கும்.

முன் அச்சு மூட்டுகளுக்கு 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்று பல டிராக்டர் கையேடுகள் சொல்லும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். சேற்றுழவு முடிந்த நாளில் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம். வண்டியைக் கழுவியதும் அன்று மாலையே கிரீஸ் ஏற்றிவிடுங்கள். உள்ளே போன தண்ணீரை வெளியே தள்ள அதுதான் வழி. ராத்திரி முழுவதும் தண்ணீர் நின்றால் துரு தொடங்கிவிடும்.

விரல் பத்திரம்!

கையால் அழுத்தும் கன்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். கார் டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு அழுத்தம். கைப்பிடி கிரீஸ் கன்னிலோ 5,000 பவுண்டுக்கும் மேல் போகும். கன்னின் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்து, அதை விரலால் பொத்தினால், கிரீஸ் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறிவிடும்.

முதலில் ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும். வலியும் குறைவாகவே இருக்கும். ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிட்டால், சில மணி நேரத்தில் வீங்கி, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். இப்படி நடந்தால் அமுக்கிப் பிதுக்குவதோ, பச்சிலை கட்டுவதோ, காலை வரை பார்ப்பதோ கூடாது. மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். ‘அழுத்தத்தோடு கிரீஸ் உள்ளே ஏறிவிட்டது’ என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். விரிசல் விட்ட கன் குழாயை டேப் சுற்றி ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: கிரீஸ் கன் நிப்பிளிலேயே மாட்டிக்கொண்டு வர மறுக்கிறது. இழுத்தால் நிப்பிள் ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உள்ளே அழுத்தம் தங்கியிருப்பதால்தான் கன் வாய் விடாமல் பிடிக்கிறது. நேராக இழுக்காதீர்கள். கன் வாயை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்து எடுங்கள். அப்படியும் வராவிட்டால் வாய்ப் பகுதியின் மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். அழுத்தம் இறங்கியதும் விட்டுவிடும். அடிக்கடி இப்படி நடந்தால் அந்த நிப்பிள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எஞ்சினில் வடித்த கழிவு ஆயிலைக் கிரீஸுக்குப் பதிலாக ஊற்றலாமா?

பதில்: கூடாது. ஆயில் மூட்டில் தங்காமல் வழிந்துவிடும். தண்ணீரையும் மண்ணையும் தடுக்காது. கழிவு ஆயிலில் கரியும், எஞ்சின் தேய்ந்த இரும்புப் பொடியும் இருக்கும். மூட்டின் ஓரத்தில் நிற்கும் கிரீஸ் வளையம்தான் வயல் மண்ணுக்குக் கதவு.

கேள்வி: கடையில் பல நிறங்களில் கிரீஸ் இருக்கிறது. எதை வாங்குவது? கலக்கலாமா?

பதில்: நிறம் வெறும் சாயம்தான். தரத்தைச் சொல்லாது. டப்பாவில் ‘லித்தியம்’, ‘மல்டிபர்பஸ்’ என்று இருக்கிறதா, கெட்டித் தன்மை எண் 2 அல்லது 3-இல் எது உங்கள் வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். சில வகைக் கிரீஸ்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகி ஓடிவிடும். வகை மாற்றுவதாக இருந்தால், பழையது முழுவதும் வெளியேறும்வரை புதியதை ஏற்றுங்கள். பிறகு அதே வகையையே தொடருங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து அம்பாசடர் கார் வீட்டில் நிற்கிறது. அதற்கும் இதே முறைதானா?

பதில்: முறை இதேதான். முன் சக்கர மூட்டுகளையும், புரொப்பல்லர் ஷாஃப்டு கிராஸ்களையும் முதலில் பாருங்கள். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற காரில் கிரீஸ் கட்டியாகியிருக்கும் என்பதால், ஊற வைக்கக் கூடுதல் நாள் கொடுங்கள். அதைவிடப் பழைய கார்களில், குறுக்கே ஊசி வைத்த தலையோ, பொத்தான் போலத் தட்டையான தலையோ இருந்தால் இன்றைய கன் பொருந்தாது. அதற்கான இணைப்பு வாய் கிடைத்தால் பழையதையே வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் மரையைச் சரியாகப் பார்த்து இன்றைய நிப்பிளை மாட்டிக்கொள்ளுங்கள். கழற்றியதை ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். காரை அதன் பழைய கோலத்திலேயே வைத்திருக்க விரும்பும் பேரப்பிள்ளைகளுக்கு அது வேண்டியிருக்கும்.

கேள்வி: எல்லா நிப்பிளையும் மொத்தமாக மாற்றிவிடலாமா, கெட்டதை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: சோதனையில் நல்லதாகத் தெரிவதைத் தொட வேண்டாம். நன்றாக இருக்கும் நிப்பிளைக் கழற்றப்போய் ஒடித்துக்கொள்வதும் உண்டு. கெட்டதை மாற்றுங்கள். உங்கள் வண்டிக்குரிய அளவில் நான்கைந்து உபரி நிப்பிள்களைக் கருவிப் பெட்டியில் போட்டு வையுங்கள். சேற்றுழவு தொடங்கும் முன் ஒருமுறை, அறுவடை முடிந்ததும் ஒருமுறை நோட்டை எடுத்து, ஒவ்வொரு நிப்பிளிலும் கிரீஸ் உள்ளே போகிறதா என்று பார்த்து டிக் அடித்துவிடுங்கள்.